குளோரினைக் கண்ட மருந்துக்கடைக்காரர்

நம் நீச்சல் குளத்துப் பக்கம் போனால் சில நாட்களில் மூக்கில் ஒரு நெடி ஏறும். குளோரினை அள்ளிக் கொட்டிவிட்டார்கள் என்று நாமே முடிவு கட்டிவிட்டு நடையைத் தொடர்வோம். குளத்தை ஒட்டிய மோட்டார் அறையை எட்டிப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு டப்பாவில் குளோரின் துகள், ஒரு கேனில் ஆசிட், ஒரு மூட்டையில் சோடா உப்பு. இவை வாங்கும் செலவு நம் பராமரிப்புக் கட்டணத்தில் சேர்ந்து வருகிறது. நீந்துகிறவரும் கட்டுகிறார், நீச்சலே தெரியாதவரும் கட்டுகிறார்.

காசு கொடுத்து வாங்கும் பொருளின் பூர்வீகத்தைத் தெரிந்துகொள்வதில் தவறில்லை. அந்த டப்பாவில் அடைபட்டிருக்கும் குளோரினை உலகில் முதன்முதலில் பிரித்தெடுத்துப் பார்த்தவர் ஒரு மருந்துக்கடைப் பணியாளர். கல்லூரிப் படி ஏறாதவர். 43 வயதில் இறந்துபோனவர். பெயர் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே. பள்ளிப் பாடத்தில் ஒரு வரியாக இவரைத் தாண்டி வந்திருப்பீர்கள். அவருடைய வாழ்க்கையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். படித்து முடிக்கும்போது நம் குளத்தைப் பற்றியும், அதைப் பார்த்துக்கொள்ளும் பையனைப் பற்றியும் ஒன்றிரண்டு விஷயம் உங்களுக்குத் தெளிவாகிவிடும்.

பதினான்கு வயதில் வேலைக்கு

ஷீலே பிறந்தது 1742 டிசம்பரில், பால்டிக் கடலோரத்தில் உள்ள ஸ்ட்ரால்சுண்ட் என்ற ஊரில். இன்று அது ஜெர்மனியில் இருக்கிறது. அன்று ஸ்வீடன் அரசின் ஆட்சியில் இருந்தது. அதனால்தான் ஜெர்மன் மொழி பேசி வளர்ந்த இவரை ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானி என்று எழுதுகிறார்கள். அப்பா தானிய வியாபாரி, பியர் காய்ச்சும் தொழிலும் உண்டு. வீட்டில் 11 பிள்ளைகள். இவர் ஏழாவது.

அவ்வளவு பெரிய குடும்பத்தில் எல்லோரையும் பல்கலைக்கழகம் வரை படிக்கவைக்க முடியாது. 14 வயதானதும் ஷீலேயை ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில் குடும்ப நண்பர் ஒருவரின் மருந்துக்கடையில் தொழில் பழகுபவராகச் சேர்த்துவிட்டார்கள். அந்தக் காலத்து மருந்துக்கடையை இன்றைய மெடிக்கல் ஷாப்போடு ஒப்பிடாதீர்கள். அட்டையில் வரும் மாத்திரையைக் கத்தரித்துக் கொடுக்கும் வேலை அங்கே கிடையாது. வேரை இடிப்பது, கஷாயம் இறக்குவது, உப்பைக் காய்ச்சிப் படிகமாக்குவது, திராவகம் வடிப்பது எல்லாம் கடைக்குப் பின்னாலேயே நடக்கும். நம் ஊர் நாட்டு மருந்துக்கடையையும் ஒரு சிறு ரசாயனக்கூடத்தையும் சேர்த்து நினைத்துக்கொண்டால் சரியாக இருக்கும்.

பகலெல்லாம் கடை வேலை. இரவில் முதலாளியிடம் இருந்த ரசாயனப் புத்தகங்களைப் படிப்பார். படித்ததை அப்படியே நம்பிவிடாமல், அடுப்பை மூட்டித் தானே செய்து பார்ப்பார். இப்படி எட்டு வருஷம் போயிற்று. எந்தப் பொருளை எதோடு சேர்த்தால் என்ன ஆகும் என்பது அவருக்குக் கைப்பழக்கமாகவே வந்துவிட்டது.

1765-இல் முதலாளி கடையை விற்றுவிட்டார். ஷீலே மால்மோ நகரத்துக் கடைக்கு மாறினார். பிறகு தலைநகர் ஸ்டாக்ஹோம். அதன் பிறகு 1770-இல் பல்கலைக்கழக ஊரான உப்சாலா. எங்கே போனாலும் பதவி ஒன்றுதான், மருந்துக்கடை உதவியாளர். எங்கே போனாலும் இரவு வேலையும் ஒன்றுதான், சோதனை.

ஒரு வெடியுப்பு தந்த நட்பு

உப்சாலாவில் அப்போது ரசாயனப் பேராசிரியராக இருந்தவர் டோர்பர்ன் பெர்க்மன். ஐரோப்பா முழுவதும் பெயர் பெற்றவர். ஷீலே வேலை பார்த்த கடையிலிருந்துதான் அவருடைய சோதனைக்கூடத்துக்கு வெடியுப்பு போயிற்று. அந்த வெடியுப்பைச் சூடாக்கிய பிறகு வினிகரின் அமிலத்தோடு சேர்த்தபோது சிவப்புப் புகை வந்தது. பேராசிரியருக்குக் காரணம் புரியவில்லை. சரக்கு சரியில்லையோ என்ற சந்தேகமும் எழுந்தது.

சூடாக்கும்போது வெடியுப்பின் தன்மையே மாறிவிடுகிறது, அதனால்தான் அந்தப் புகை என்று கடை உதவியாளர் ஷீலே விளக்கம் சொல்லி அனுப்பினார். விளக்கம் சரியாக இருந்தது. அதிலிருந்து இருவருக்கும் நட்பு. பேராசிரியருக்குப் படிப்பும் பதவியும் இருந்தன. உதவியாளருக்கு அடுப்படி அனுபவம் இருந்தது. இரண்டு பேரும் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொண்டார்கள். அந்த நட்பு பெர்க்மனின் காலம் வரை நீடித்தது.

பெர்க்மன்தான் ஒரு கறுப்புக் கல்லை ஆராய்ந்து பார்க்கும்படி ஷீலேயிடம் சொன்னார். பைரோலுசைட் என்ற மாங்கனீசுத் தாது அது. கண்ணாடி செய்பவர்கள் கண்ணாடியின் பச்சை நிறத்தைப் போக்க அதைப் பயன்படுத்தி வந்தார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஷீலே ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் அந்தக் கல்லோடு மல்லுக்கட்டினார்.

1774: மஞ்சள் பச்சைக் காற்று

அந்தத் தாதுவின் மீது பலவித அமிலங்களை ஊற்றிப் பார்த்துக்கொண்டே வந்தவர், ஒரு கட்டத்தில் உப்பிலிருந்து எடுத்த அமிலத்தை ஊற்றிச் சூடாக்கினார். அந்த அமிலம் நமக்கு அந்நியமானதல்ல. மியூரியாட்டிக் ஆசிட், ஹைட்ரோகுளோரிக் ஆசிட் என்று பல பெயர்களில் நம் குளத்து மோட்டார் அறையில் கேனில் நிற்பதும், கழிவறை கழுவ வாங்குவதும் அதே சரக்குதான்.

மஞ்சளும் பச்சையும் கலந்த ஒரு காற்று எழும்பியது. மூச்சை அடைக்கும் நெடி. நெஞ்சைப் பிடித்தது. ஷீலே அதை ஒரு விலங்கின் நீர்ப்பையில் பிடித்து அடைத்துக்கொண்டு ஒவ்வொரு குணமாகச் சோதிக்க ஆரம்பித்தார். தண்ணீரில் கொஞ்சம் கரைகிறது. உலோகங்களை அரிக்கிறது. பூச்சிகள் அதில் செத்துப்போகின்றன. லிட்மஸ் தாளின் நிறம் போய்விடுகிறது. சிவப்பு, நீலம், மஞ்சள் என்று எந்த நிறப் பூவை வைத்தாலும் சற்று நேரத்தில் வெளுத்துவிடுகிறது. பச்சை இலையும் வெளுக்கிறது. வெளுத்ததை அமிலத்தில் தோய்த்தாலும் காரத்தில் தோய்த்தாலும் பழைய நிறம் திரும்புவதில்லை.

இதுதான் குளோரின். ஆனால் ஷீலே அந்தப் பெயரை வைக்கவில்லை, அது ஒரு தனிமம் என்றும் அவருக்குத் தெரியாது. எரியும் பொருள்களுக்குள் ஃப்ளாஜிஸ்டன் என்ற ஒன்று ஒளிந்திருக்கிறது என்று அக்காலத்தில் எல்லோரும் நம்பினார்கள். உப்பு அமிலத்திலிருந்து அது நீங்கிவிட்டதால் வந்த காற்று என்று அவர் எழுதிவைத்தார். 1810-இல் இங்கிலாந்தின் ஹம்ப்ரி டேவிதான் இது ஒரு தனிமம் என்று நிலைநாட்டி, வெளிர்பச்சை என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து குளோரின் என்ற பெயரை வைத்தார்.

ஷீலேயின் விளக்கம் காலத்தில் அடிபட்டுப் போயிற்று. அவர் கண்ணால் கண்டு எழுதியவை ஒன்றுகூடத் தப்பவில்லை. நம் குழந்தைகளின் நீச்சல் உடை இரண்டே மாதத்தில் சாயம் போவதும், குளத்தின் ஏணி துருப்பிடிப்பதும், தண்ணீரில் கிருமிகள் சாவதும் அவர் குறித்துவைத்த அதே குணங்களால்தான்.

வரவு வைக்கப்படாத கண்டுபிடிப்பு

குளோரினைவிடப் பெரிய ஒன்றையும் ஷீலே கண்டுபிடித்திருந்தார். நாம் சுவாசிக்கும் ஆக்சிஜன். 1772 வாக்கிலேயே வெடியுப்பு, பாதரசச் சுண்ணம் போன்றவற்றைச் சூடாக்கி அந்த வாயுவைத் தனியே எடுத்திருந்தார். அதற்குள் மெழுகுவர்த்தி பிரகாசமாக எரிவதைப் பார்த்து நெருப்புக் காற்று என்று பெயரும் வைத்திருந்தார்.

இங்கிலாந்தில் ஜோசப் பிரீஸ்ட்லி அதே வாயுவை எடுத்தது 1774 ஆகஸ்டில். அவர் தாமதிக்காமல் வெளியிட்டுவிட்டார். ஷீலேயின் கையெழுத்துப் பிரதி 1775-ஆம் ஆண்டின் கடைசியில்தான் அச்சகத்துக்குப் போயிற்று. போன பிறகும் நகரவில்லை. பெர்க்மனின் முன்னுரைக்காகக் காத்திருந்தார்கள். காற்றையும் நெருப்பையும் பற்றிய அந்தப் புத்தகம் வெளிவந்தபோது 1777 ஆகிவிட்டது. அதற்குள் ஆக்சிஜன் பிரீஸ்ட்லியின் பெயரில் ஊரெல்லாம் பரவியிருந்தது.

இதற்கு நடுவில் இன்னொன்றும் நடந்தது. 1774 செப்டம்பர் 30-ஆம் தேதி ஷீலே பாரிஸிலிருந்த லவாய்சியேவுக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்த வாயுவை எப்படித் தயாரிப்பது என்று அதில் விளக்கி, உங்களிடம் இருக்கும் பெரிய பூதக்கண்ணாடியால் செய்து பாருங்கள் என்று கேட்டுக்கொண்டார். பதில் வரவில்லை. நூறாண்டுக்கும் மேல் கழித்துத்தான் அந்தக் கடிதம் வெளி உலகுக்குத் தெரிந்தது.

வங்கியில் இருந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பணம் கையில் வந்த தேதி வேறு, கணக்கில் ஏறிய தேதி வேறு. வட்டி ஏறிய தேதியிலிருந்துதான். ஆக்சிஜனை முதலில் கண்டவர், முதலில் அறிவித்தவர், முதலில் அதன் பொருளைப் புரிந்துகொண்டவர் என்று இன்று மூவரையும் பிரித்துச் சொல்கிறார்கள். ஷீலே, பிரீஸ்ட்லி, லவாய்சியே என்ற வரிசையில். ஷீலே உயிரோடு இருந்த காலத்தில் இந்த நியாயம் முழுமையாகக் கிடைக்கவில்லை. அவர் அதற்காகச் சண்டைக்கும் போகவில்லை. அடுத்த அடுப்பை மூட்டப் போய்விட்டார்.

ஷோப்பிங் என்ற சிற்றூர்

1775 பிப்ரவரியில் ஸ்வீடன் அரச விஞ்ஞானக் கழகம் ஷீலேயை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. பேராசிரியர்களும் பிரபுக்களும் உட்காரும் அவையில், இன்னும் மருந்தாளர் தேர்வுகூட எழுதாத ஒரு கடை உதவியாளருக்கு இடம். அதற்கு முன் அப்படி நடந்ததில்லை.

அந்த மரியாதையை வைத்துக்கொண்டு தலைநகரில் நல்ல வேலையாகப் பார்த்து உட்கார்ந்திருக்கலாம். அதே ஆண்டில் அவர் போனது ஷோப்பிங் என்ற சிற்றூருக்கு. நம் பிள்ளைகள் கடைவீதி என்று நினைத்துக்கொள்ளப் போகிறார்கள், அது ஸ்டாக்ஹோமுக்கு மேற்கே மேலரன் ஏரிப் பக்கம் இருக்கும் ஓர் ஊரின் பெயர். அங்கே மருந்துக்கடை நடத்திவந்தவர் இறந்துபோயிருந்தார். இளம் விதவை சாரா மார்கரேத்தாவின் கையில் கடை இருந்தது, கூடவே கடனும் இருந்தது. ஷீலே பொறுப்பேற்று நடத்தினார். இடையில் வேறொருவர் கடையை வாங்க முன்வந்தபோது இவருடைய இடம் ஆட்டம் கண்டது. ஊர்க்காரர்களின் ஆதரவு இவர் பக்கம் இருந்ததால் கடை கடைசியில் இவர் கைக்கே வந்தது. சிறிது சிறிதாகக் கடனை அடைத்தார்.

1777 அக்டோபர் 29-ஆம் தேதி விஞ்ஞானக் கழகக் கூட்டத்தில் போய் உட்கார்ந்தார். அவர் கலந்துகொண்ட முதல் கூட்டம் அதுதான், கடைசிக் கூட்டமும் அதுதான். போன கையோடு நவம்பரில் மருந்தாளர் தேர்வையும் எழுதி, மிக உயர்ந்த தகுதியில் தேறி, ஊர் திரும்பிவிட்டார். பிறகு சாகும்வரை அந்த ஊரைவிட்டுப் போகவில்லை. பகலில் கல்லாவும் கஷாயமும், இரவில் சோதனை. கோத்தன்பர்க்கில் 14 வயதில் பழகிய அதே வழக்கம்.

நம் வீட்டிலும் குளத்திலும் அவர்

அந்தச் சின்னக் கடையின் பின்கட்டிலிருந்து வந்தவற்றைக் கேளுங்கள். புளித்த மோரிலிருந்து லாக்டிக் அமிலம், 1780-இல். எண்ணெயிலிருந்து கிளிசரின், 1783-இல். எலுமிச்சைச் சாற்றிலிருந்து சிட்ரிக் அமிலம், 1784-இல். ஆப்பிளிலிருந்து மாலிக் அமிலம், 1785-இல். உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கும் ஜாம் பாட்டில், இருமல் மருந்து, முகத்துக்குப் பூசும் கிரீம் ஆகியவற்றின் பின்பக்கத்தைத் திருப்பிப் படித்தால் இவற்றில் ஏதாவது ஒரு பெயர் கண்ணில் படும்.

நம் குளத்துக்கு நெருக்கமான இன்னொன்று இருக்கிறது. 1776-இல் சிறுநீர்ப்பைக் கல்லை ஆராய்ந்து யூரிக் அமிலத்தைக் கண்டவரும் இதே ஷீலேதான்.

இப்போது ஆரம்பத்தில் சொன்ன நெடிக்கு வருவோம். அளவாகக் குளோரின் உள்ள சுத்தமான குளத்தில் நெடி மிகக் குறைவு. வியர்வையிலும் சிறுநீரிலும் உள்ள யூரியா, யூரிக் அமிலம் போன்றவை குளோரினோடு சேரும்போது குளோரமைன் என்ற பொருள்கள் உண்டாகின்றன. கண் எரிவதும் மூக்கைத் துளைப்பதும் அவற்றால்தான். அதாவது ஷீலே தனித்தனியே கண்ட இரண்டு பொருள்கள் நம் குளத்தில் ஒன்றாகச் சந்திக்கும் வாசனை அது. ஆகவே நெடி அடித்தால் குளோரின் கூடிவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். பெரும்பாலும் நல்ல நிலையில் உள்ள குளோரின் குறைந்துவிட்டது என்றே அர்த்தம். குளிக்காமல் குளத்தில் இறங்கியவர்கள் அதைத் தின்று தீர்த்துவிட்டார்கள். குளத்தருகே ஷவர் வைத்திருப்பது அழகுக்கு அல்ல.

குளோரின் போட்டால் மட்டும் போதாது, தண்ணீரின் பிஎச் அளவும் சரியாக இருக்க வேண்டும். இந்த அளவுகோலை 1909-இல் தந்தவர் டென்மார்க்கின் சோரன்சன். குளத்து நீருக்கு 7.2 முதல் 7.8 வரை இருக்கலாம். தண்ணீரில் கரைந்த குளோரினில் கிருமியைக் கொல்லும் வேகம் உள்ள பகுதி ஹைப்போகுளோரஸ் அமிலம். பிஎச் 7-இல் குளோரினில் முக்கால் பங்கு இந்த வடிவில் இருக்கும். 7.5-இல் பாதியாகும். 8-ஐத் தொட்டால் கால் பங்குதான். அளவு ஏற ஏற, நாம் போடும் குளோரின் பெயருக்குத்தான் இருக்கும், வேலைக்கு வராது. அளவு மிகவும் இறங்கினால் கண் எரியும், ஏணியும் குழாயும் அரிக்கும். அதனால்தான் ஏறினால் ஆசிட், இறங்கினால் சோடா உப்பு.

ஷீலே வாழ்ந்தது போன்ற குளிர்நாடுகளில் குளிர்காலத்துக்கு முன் திறந்தவெளிக் குளத்தை மூடிவிடுவார்கள். மூடும் முன் பிஎச், காரத்தன்மை, சுண்ணாம்புச் சத்து மூன்றையும் சரிசெய்வார்கள். குழாய் வாய்க்குக் கீழே தண்ணீரை இறக்கி, குழாய்க்குள் தேங்கியதைக் காற்றடித்து வெளியேற்றுவார்கள். தண்ணீர் உறைந்தால் குழாய் வெடித்துவிடும் அல்லவா? பிறகு மேலே உறை போடுவார்கள். நமக்கு உறையும் பயம் இல்லை. ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையும் மார்கழிக் குளிரும் வந்தால் நம் குளத்திலும் ஆள் இறங்குவதில்லை. மழை நீர் சேரச் சேரக் குளத்தின் காரத்தன்மை நீர்த்துப்போய் பிஎச் தடுமாறும். யாரும் நீந்தவில்லையே என்று மோட்டாரை நிறுத்தி, சோதனையையும் விட்டுவிட்டால் பாசி பிடித்துவிடும். தை பிறந்ததும் மொத்தத் தண்ணீரையும் இறைத்துக் கொட்டும்படி ஆகும். லாரித் தண்ணீர் விலையை நான் சொல்ல வேண்டியதில்லை.

முகர்ந்து பார்த்தவர்

ஷீலேயின் காலத்தில் ஒரு பொருளை அடையாளம் காண இன்றைய கருவிகள் எதுவும் கிடையாது. கண், மூக்கு, நாக்கு இவைதான் கருவிகள். புதிதாக ஒரு பொருள் உண்டானால் நிறத்தைப் பார்ப்பார், முகர்வார், நாவில் வைத்தும் பார்ப்பார். அவர் கையாண்ட பொருள்களின் பட்டியலில் ஆர்சனிக் உண்டு, பாதரசம் உண்டு, கண்ணாடியையே கரைக்கும் ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம் உண்டு. 1782-83-இல் அவர் பிரித்தெடுத்த பிரஸ்ஸிக் அமிலம் என்பது இன்றைய சயனைடு வகை. அதன் மணத்தோடு ருசியையும் எழுதிவைத்திருக்கிறார். உயிர் தப்பியது அதிர்ஷ்டம்.

1785 இலையுதிர் காலத்தில் உடம்பு சீர்கெட்டது. சிறுநீரகக் கோளாறு, அதைத் தொடர்ந்து தோல் நோய். பல்லாண்டுகள் நச்சுப் பொருள்களோடு நெருங்கிப் பழகியதுதான் காரணமாக இருக்கும் என்று பலரும் கருதுகிறார்கள். தேற மாட்டோம் என்று அவருக்கே தெரிந்துவிட்டது. 1786 மே மாதம், இறப்பதற்கு இரண்டு நாள் முன்னால், படுக்கையில் கிடந்தபடியே சாரா மார்கரேத்தாவைத் திருமணம் செய்துகொண்டார். தனக்குப் பின் கடையும் உடைமையும் சட்டப்படி அந்த அம்மாளுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக. மே 21-ஆம் தேதி உயிர் பிரிந்தது. ஆக்சிஜனின் வரவு தன் பெயரில் ஏறவில்லையே என்று கவலைப்படாத மனிதர், தன்னை நம்பி இருந்தவருக்குச் சேர வேண்டியதை மட்டும் விடாமல் எழுதிவைத்துவிட்டுப் போனார்.

அவருக்குப் பின் குளோரின்

பூவை வெளுக்கும் காற்றால் துணியையும் வெளுக்கலாம் என்று பிரான்ஸின் பெர்த்தொலே 1785 வாக்கில் கண்டார். கிளாஸ்கோவின் சார்ல்ஸ் டென்னன்ட் குளோரினைச் சுண்ணாம்பில் ஏற்றித் தூளாக்கி 1799-இல் காப்புரிமை பெற்றார். அதுதான் நம் ப்ளீச்சிங் பவுடர். 1847-இல் வியன்னா மருத்துவமனையில் செம்மல்வைஸ் டாக்டர்களை அந்தக் கரைசலில் கைகழுவ வைத்தார், பிரசவத்தில் தாய்மார்கள் இறப்பது சட்டென்று குறைந்தது. 1908-இல் அமெரிக்காவின் ஜெர்சி நகரக் குடிநீரில் தொடர்ந்து குளோரின் சேர்க்க ஆரம்பித்தார்கள். அதற்குச் சில ஆண்டுகளுக்குள் நீச்சல் குளங்களுக்கும் அது வந்துவிட்டது.

அதே குளோரினை 1915 ஏப்ரல் 22-ஆம் தேதி பெல்ஜியத்தின் ஈப்ரு போர்க்களத்தில் ஜெர்மன் படை காற்றில் திறந்துவிட்டது. பதுங்கு குழிகளில் இருந்த வீரர்கள் மூச்சுத் திணறி மாண்டார்கள். குளோரின் காற்றைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு கனம். தாழ்ந்த இடத்தைத் தேடிப் போய்த் தங்கும். குழிக்குள் இருந்தவர்கள்தான் முதலில் சிக்கினார்கள்.

நம் மோட்டார் அறைக்கு

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொன்னேன் என்றால், நம் மோட்டார் அறையும் தாழ்வான இடம்தான். ஷீலே தாதுவின் மேல் உப்பு அமிலத்தை ஊற்றிக் குளோரினை எழுப்பினார். ப்ளீச்சிங் பவுடர் மேலோ, குளத்துக் குளோரின் துகள் மேலோ அதே ஆசிட் பட்டால் அதே வாயு எழும். இதற்கு அடுப்புகூடத் தேவையில்லை. 250 ஆண்டுகளுக்கு முந்தைய சோதனையை ஒரு வாளியும் ஓர் அவசரமும் இருந்தால் யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம். ஷீலேக்குத் தான் செய்வது இன்னதென்று தெரிந்திருந்தது. மாதச் சம்பளத்துக்கு வேலை செய்யும் பையனுக்கு நாம் சொல்லாவிட்டால் யார் சொல்வது?

ஆகவே சில விஷயங்களை மனதில் வையுங்கள்.

ஆசிட்டும் குளோரினும் ஒரே அலமாரியில் இருக்கக் கூடாது. ஒரே வாளி, ஒரே குவளை இரண்டுக்கும் கூடாது. ஒன்றைக் குளத்தில் சேர்த்து, மோட்டார் ஓடித் தண்ணீர் நன்றாகக் கலந்த பிறகே அடுத்தது.

ஆசிட்டைத் தண்ணீரில்தான் ஊற்ற வேண்டும். ஆசிட்டில் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும்.

குளோரின் துகளையும் குளோரின் மாத்திரையையும் ஒன்றாகக் கொட்டி வைக்கக் கூடாது. பெயர் ஒன்றானாலும் ரசாயனம் வேறு. இரண்டும் கலந்தால் தீப்பிடிக்கலாம், வெடிக்கவும் செய்யலாம்.

வீட்டிலும் இதே கவனம் வேண்டும். ப்ளீச்சிங் பவுடர் தூவிய கழிவறையில் ஆசிட் ஊற்ற வேண்டாம். உங்கள் வீட்டு வேலைக்கு வரும் அம்மாளிடமும் இதைச் சொல்லிவையுங்கள். நெடி நெஞ்சைப் பிடித்தால் கதவைத் திறந்துவிட்டு உடனே வெளியே, திறந்த வெளிக்கு வந்துவிட வேண்டும். துடைத்துவிட்டு வரலாம் என்று நிற்கக் கூடாது.

நீந்தப் போகிறவர்கள் குளித்துவிட்டு இறங்குங்கள். சின்னப் பிள்ளைகளைக் கழிவறைக்கு அழைத்துப் போய்விட்டு இறக்குங்கள். நெடியும் குறையும், ரசாயனச் செலவும் குறையும்.

கடைசியாகச் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். மோட்டார் அறைக்குத் தரையை ஒட்டி ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன், ரசாயனங்களைத் தனித்தனியே வைக்க இரண்டு அலமாரி, ஆபரேட்டருக்குக் கையுறை, கண்ணாடி, குளோரினுக்கு ஏற்ற வடிகட்டி உள்ள முகமூடி, டப்பாக்களின் மேல் பெரிய எழுத்தில் தமிழிலும் இந்தியிலும் எச்சரிக்கை. அடுத்த பொதுக்குழுவில் இந்தச் செலவு வந்தால் கைதூக்கி ஆதரியுங்கள். ஷீலே காலத்தில் முகர்ந்து பார்ப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. நம் குளத்தைக் காக்கும் பையனுக்கு அந்த நிலைமை வேண்டாம்.